குட்டை பெட் பிக்கப்பில் ஃபிஃப்த் வீல் ஹிட்ச்: எதை எடுப்பது, எங்கே வைப்பது

வட அமெரிக்காவில் வீடு போன்ற ட்ரெய்லரை பிக்கப்பில் இழுத்துக்கொண்டு பயணம் போகிறவர்கள் இரண்டு வகை இணைப்பைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, பம்பருக்குக் கீழே உள்ள பந்தில் மாட்டுவது. மற்றது, பிக்கப்பின் பெட்டுக்குள்ளேயே (பின்பக்கச் சரக்குத் தொட்டி), பின் ஆக்சிலுக்கு மேலே தட்டு போன்ற ஒரு ஹிட்சைப் பொருத்தி, ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் தொங்கும் கிங்பின்னை அதில் பூட்டுவது. இரண்டாவதுதான் ஃபிஃப்த் வீல். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சைத் திருப்ப உதவிய படுக்கைவாட்டு வட்டத் தட்டிலிருந்து வந்த பெயர் இது. சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களில் கன்டெய்னர் ஏற்றி வரும் ட்ரெய்லர் லாரிகளில் இருப்பதும் இதே ஏற்பாடுதான், 2 அங்குல கிங்பின் உட்பட.

லாரியில் கேபினுக்கும் ஹிட்சுக்கும் நடுவே வேண்டிய இடம் உண்டு. பிக்கப்பில் அது கிடையாது. அதிலும் பெட் குட்டையாக இருந்தால் கஷ்டம் ஆரம்பிக்கிறது. அப்படிப்பட்ட ஓர் அமைப்பை, இந்த வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் அளவுகளோடு, இங்கே முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

வண்டியும் ட்ரெய்லரும்

பிக்கப், முக்கால் டன் என்று சொல்லப்படும் வகுப்பு. நான்கு கதவு கேபின், பெட்ரோல் எஞ்சின், 82 அங்குல பெட், முன் பின் ஆக்சில்களுக்கு இடையே 160 அங்குலம். வண்டியின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் டயர் விவர ஸ்டிக்கரில் ஆட்களும் சரக்கும் சேர்ந்து 3,140 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. பின் ஆக்சில் நடுவிலிருந்து கேபினின் பின்சுவர் வரை டேப்பில் அளந்தால் 40 அங்குலம்.

ட்ரெய்லர், இரட்டை ஆக்சில், 96 அங்குல அகலம், மொத்த எடை வரம்பு 11,000 பவுண்டு. மூக்கு சரிவில்லாமல் தட்டையாக இருக்கிறது. கிங்பின் மூக்கின் முகப்புக்கு நேர் கீழே. விற்பனைக் கையேட்டில் வெற்று எடை 8,350 பவுண்டு, கிங்பின் மேல் இறங்கும் எடை 1,480 பவுண்டு.

முதலில் எடை

ஹிட்ச் எந்தக் கம்பெனி என்ற பேச்சை எடுப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். கையேட்டின் 1,480 பவுண்டை வைத்துக் கணக்குப் போடுகிறவர் ஏமாறுவார். அது தண்ணீர், பேட்டரி, துணிமணி, பாத்திரம் எதுவும் இல்லாத ட்ரெய்லரின் எண். பயணத்துக்குத் தயாரான நிலையில் இந்த ட்ரெய்லர் 10,100 பவுண்டு. அதில் கிங்பின் மேல் விழுவது 2,160. ஏற்றிய சரக்கு 1,750 பவுண்டுதான், ஆனால் அதில் 680 பவுண்டு, ஐந்தில் இரண்டு பங்கு, நேராகப் பிக்கப்பின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரின் அமைப்பே அப்படி. பெரிய சாமான் அறை, பேட்டரி, கேஸ் சிலிண்டர், படுக்கையறை அலமாரி எல்லாம் ஆக்சிலுக்கு முன்பக்கம் இருக்கின்றன. அதனால்தான் வெற்று நிலையில் ட்ரெய்லர் எடையில் 18 சதவீதத்துக்குக் கீழே இருந்த கிங்பின் எடை, சாமான் ஏறியதும் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. ட்ரெய்லர் வாங்கும் முன்பே கணக்குப் போட வேண்டியிருந்தால், அதன் மொத்த எடை வரம்பில் 20 முதல் 22 சதவீதம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இந்த வண்டியின் கணக்கு: கிங்பின் 2,160, ஹிட்சும் அதை பெட் தரையோடு பிணைக்கும் ரெயில்களும் 240, ஆட்கள் 370, பெட்டில் கருவிப்பெட்டியும் சில்லறைச் சாமான்களும் 80. மொத்தம் 2,850 பவுண்டு. ஸ்டிக்கர் அனுமதிப்பது 3,140. மீதி 290. நெருக்கம்தான், ஆனால் வரம்புக்குள்.

இதே பிக்கப் டீசல் எஞ்சினோடு வந்திருந்தால் கணக்கு உடைந்திருக்கும். டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் எடை. மொத்த வரம்பு அதே 10,000 என்றால் அந்த எடை முழுவதும் சுமக்கும் திறனிலிருந்துதான் கழியும். இழுக்கும் சக்தி அதிகம், தாங்கும் சக்தி குறைவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதலாவது; ஃபிஃப்த் வீலுக்கு முதலில் முட்டுவது இரண்டாவது.

ஹிட்சின் தரம் 16,000 பவுண்டு போதும். 24,000 பவுண்டு ஹிட்ச் வாங்குவதால் பிக்கப் ஒரு பவுண்டுகூட அதிகம் தாங்காது; ஹிட்சின் சொந்த எடைதான் கூடும்.

கேபினில் மோதும் கோணம்

நீண்ட பெட், அதாவது எட்டடி பெட் வண்டியில் நகராத ஹிட்சை ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வைத்துவிட்டு வேலையை முடிக்கலாம். இங்கே அது நடக்காது. காரணம் எளிய கணக்கு.

ஹிட்சில் கிங்பின்னைப் பிடிக்கும் தாடையின் நடுவை ஆக்சிலுக்கு 2 அங்குலம் முன்னால் வைத்தால், கிங்பின்னிலிருந்து கேபின் 38 அங்குலம். ட்ரெய்லரின் அரை அகலம் 48 அங்குலம். வண்டி வளையும்போது ட்ரெய்லரின் முன்மூலை கிங்பின்னைச் சுற்றி 48 அங்குல ஆரத்தில் வட்டமடித்து கேபினை நோக்கி வருகிறது. 48-ஐ வளைவுக் கோணத்தின் சைனால் பெருக்கினால் மூலை எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்று தெரியும். அது 38-ஐ எட்டுவது சுமார் 52 பாகையில். அந்த நிலையில் மூலை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 29 அங்குலம் தள்ளி இருக்கும். கேபினின் பின் கண்ணாடி ஓரம் ஏறக்குறைய அங்கேதான். நெடுஞ்சாலையில் 52 பாகை ஒருபோதும் வராது. முகாம் இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது சாதாரணமாக வரும்.

நீட்டிய பின் பாக்ஸ் (pin box, கிங்பின்னைத் தாங்கி ட்ரெய்லர் மூக்கின் அடியில் இருக்கும் இரும்புக் கூடு) போட்டு கிங்பின்னை மூக்குக்கு 4 அங்குலம் முன்னால் கொண்டுபோனால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தீராது. மோதும் கோணம் 52-லிருந்து 57 பாகைக்குப் போகும், அவ்வளவே. ட்ரெய்லர் குறுக்காக, 90 பாகையில் நிற்கும்போது கேபினை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது அரை அகலம்தான். கிங்பின் நாலு அங்குலம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது அந்த 48-ஐ மாற்றாது. மூலைகளை உள்ளே செதுக்கிய மூக்குள்ள ட்ரெய்லர்கள் நன்றாக உதவும். அவற்றில் முழு அகலம் கேபினின் ஓரத்தைத் தாண்டிய பிறகே வருகிறது. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட ட்ரெய்லருக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் ஹிட்சைப் பின்னால் தள்ளி வைத்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், முன் சக்கரத்தில் எடை குறைந்துவிடும் என்பது. அளவைப் பார்த்தால் அந்தப் பதில் பாதிதான் சரி. கிங்பின் ஆக்சிலுக்கு 2 அங்குலம் முன்னால் இருக்கும்போது முன் ஆக்சிலுக்குப் போகும் பங்கு 2,160 × 2 ÷ 160, அதாவது 27 பவுண்டு. ஒரு வாளித் தண்ணீர் கனம்கூட இல்லை. 12 அங்குலம் பின்னால் வைத்தால் முன்பக்கத்திலிருந்து 162 பவுண்டு கழியும். நாலாயிரத்துச் சொச்சம் பவுண்டு முன் ஆக்சிலில் இருக்கும்போது இது ஆளைக் கவிழ்க்கிற எண் இல்லை.

உண்மையான காரணம் பக்கவாட்டுத் தள்ளல். குறுக்குக் காற்று அடிக்கும்போது, லாரி ஒன்று பக்கத்தில் கடந்துபோகும்போது, ட்ரெய்லர் கிங்பின் வழியாகப் பிக்கப்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கிங்பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இருந்தால் அந்தத் தள்ளலைப் பின் டயர்களே வாங்கிக்கொள்கின்றன. வண்டியின் மூக்கு திரும்புவதில்லை. பின்னால் தள்ளி வைத்தால் அந்த விசைக்கு ஒரு நெம்புகோல் கிடைத்துவிடுகிறது. வால் ஒரு பக்கம் போக, மூக்கு மறுபக்கம் திரும்பும். டிரைவர் திருத்த, ட்ரெய்லர் மறுபடி எதிர்ப்பக்கம் வரும். பம்பர் பந்தில் மாட்டும் ட்ரெய்லர்கள் ஆடுவதற்கு மூலகாரணம் இதே நெம்புகோல்தான். அங்கே பந்து ஆக்சிலுக்கு நாலடி பின்னால் இருக்கிறது. ஃபிஃப்த் வீலுக்குச் செலவு செய்வதே அந்த ஆட்டத்தைத் தவிர்க்க. ஹிட்சை நிரந்தரமாகப் பின்னுக்குத் தள்ளுகிறவர் அந்தச் செலவில் ஒரு பங்கை வீணாக்குகிறார்.

ஆகவே நேராக ஓடும்போது ஆக்சிலுக்கு 0 முதல் 2 அங்குலம் முன்னால். கூர்மையாக வளையும்போது மட்டும் பின்னால். குட்டை பெட்டுக்குத் தேவை இதுதான்.

ஒதுக்கிய வழிகளும் எடுத்த வழியும்

கையால் விடுவிக்கும் ஸ்லைடர், அதாவது தலை முன்பின் நகரும் ஹிட்ச், மலிவு, உறுதியானது. இறுக்கமான வளைவுக்கு முன் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, லீவரை இழுத்து, ட்ரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடித்தபடி பிக்கப்பை மெல்ல முன்னால் எடுக்க வேண்டும்; ட்ரெய்லர் நிற்க, ஹிட்சின் தலை பின்னுக்கு நகர்ந்து பூட்டிக்கொள்ளும். முடித்ததும் அதே பிரேக்கைப் பிடித்தபடி ரிவர்ஸ் எடுத்து முன்னிலையில் பூட்ட வேண்டும். பொறுமையுள்ளவருக்கு இது போதும். ஆனால் இருட்டிய பின் மழையில் முகாமுக்குள் நுழைகிறவர் இறங்கி லீவரை இழுக்க மறப்பதும், பின் கண்ணாடி நொறுங்குவதும் நடக்கிற காரியம். நகர்வு 12 அங்குலமே உள்ள மாடல் என்றால் இந்த வண்டியில் 90 பாகையில் மிஞ்சுவது 2 அங்குலம். மேடுபள்ளத்தில் ட்ரெய்லரின் மூக்கு சாய்ந்தால் அது காணாமல் போகும்.

சுழலும் பின் பாக்ஸ் இன்னொரு வழி. ரீஸ் சைடுவைண்டர் இந்த வகை. கிங்பின் ஹிட்சில் ஆப்பு வைத்ததுபோல் திரும்பாமல் நிற்கும். ட்ரெய்லர் அதற்கு 22 அங்குலம் பின்னால் உள்ள சுழலியில் திரும்பும். கேபின் பிரச்சினை முழுதாகத் தீர்கிறது. ஆனால் திரும்பும் புள்ளி நெடுஞ்சாலையிலும் ஆக்சிலுக்குப் பின்னாலேயே இருக்கும். மேலே சொன்ன பக்கவாட்டு நெம்புகோல் எப்போதும் உடன் வரும். ஐந்தரையடி பெட் வண்டிக்கு வேறு வழி குறைவு என்பதால் அங்கே ஏற்கலாம். இங்கே தேவையில்லை.

கிங்பின்னிலிருந்து, பெட் தரையில் நிற்கும் கூஸ்நெக் பந்துக்கு மாற்றும் அடாப்டரை இந்த ட்ரெய்லருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். அது பெட்டை வெறுமையாக வைக்கும், எடையும் மிச்சம். ஆனால் இழுவிசை ஓரடிக்கு மேல் கீழே இறங்குவதால் ட்ரெய்லரின் முன் சட்டத்தில் முறிக்கும் விசை கூடுகிறது. பின் பாக்ஸ் பொருத்திய இடத்தில் வெல்டிங் விரிசல் விட்டால் சட்டம் செய்தவர் உத்தரவாதத்தை மறுக்க இடம் உண்டு.

எடுத்தது, தானாக நகரும் ஸ்லைடர். புல்ரைட் சூப்பர்கிளைடு இந்த வகைக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். கிங்பின் தாடைக்குள் தனியாகத் திரும்பாதபடி ஒரு பிடிதட்டு பின் பாக்ஸின் அடியில் பொருத்தப்படுகிறது. ட்ரெய்லர் திரும்பினால் அந்தத் தட்டு ஹிட்சின் தலையையும் திருப்பும். தலை திரும்பும்போது கேம் ஒன்று அதைத் தண்டவாளத்தில் பின்னுக்கு ஓட்டும். நேரானதும் தானே முன்னால் வந்துவிடும். 14 அங்குல நகர்வில், கிங்பின்னிலிருந்து கேபின் 52 அங்குலம். 48 போக மீதி 4. குறைகள் இரண்டு: எடை அதிகம், விலையும் அதிகம். பிடிதட்டு இருப்பதால் இன்னொருவரின் சாதாரண ஹிட்சில் இந்த ட்ரெய்லரை மாட்ட வேண்டுமானால் அதைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் கொள்ளலாம்.

அளப்பதும் துளைப்பதும்

தொழிற்சாலையிலேயே பெட் தரையில் பக் துளைகள் (ஹிட்சின் கால்களை மாட்டும் துளைகள்) வைத்து வந்த வண்டி என்றால் ஹிட்ச் எங்கே உட்காரும் என்பது ஏற்கெனவே முடிவானது. ஃபோர்டு, ராம், ஜிஎம் மூன்றின் துளை இடைவெளிகளும் வேறு. ஒன்றுக்கு வாங்கிய கால்கள் மற்றதில் உட்காரா. இந்த வண்டியில் துளைகள் இல்லை, ஆகவே ரெயில் பொருத்த வேண்டும்.

மிக அதிகமாக நடக்கும் தவறு, பெட்டுக்குள் தெரியும் சக்கர மேட்டின் நடுவை ஆக்சிலின் நடு என்று எடுத்துக்கொள்வது. மேடு ஆக்சிலுக்குச் சமமாக அமைந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓர் அங்குலம் தவறினாலே இங்கே பேசிக்கொண்டிருக்கும் அளவில் பாதி போய்விடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கர ஹப்பின் மையத்திலிருந்து நேர்செங்குத்தாக ஒரு ரசமட்டக் கட்டையை மேலே பிடித்து, பெட்டின் பக்கச்சுவர் மேல் விளிம்பில் டேப் ஒட்டிப் பென்சிலால் குறிக்க வேண்டும். மறுபக்கமும் இப்படியே. இரண்டு குறிகளுக்கும் குறுக்கே நூல் கட்டினால் அதுதான் ஆக்சில் கோடு. டெயில்கேட் விளிம்பிலிருந்து இரண்டு குறிகளும் ஒரே தூரமா என்று பார்ப்பது அவசியம். கால் அங்குலம் வேறுபட்டால் திரும்ப அளக்க வேண்டும்.

நூலிலிருந்து 2 அங்குலம் முன்னால் தாடையின் நடு வர வேண்டும், ஸ்லைடர் முன்னிலையில் நிற்கும்போது. ரெயிலின் நடு அல்ல, தாடையின் நடு. ஹிட்சின் தாளில் ரெயில்களிலிருந்து தாடை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கொடுத்திருப்பார்கள். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு ரெயில்களைப் படுக்கவைத்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சமமான பிறகே துளை.

துளைக்கும் முன் கீழே படுத்துப் பார்க்காமல் டிரில்லைத் தொடக் கூடாது. பெட் தரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ஒயர் கட்டு ஓடுகின்றன. டிரில் பிட்டில் ஒரு மரத்துண்டைக் கோத்து, முனை ஓர் அங்குலத்துக்கு மேல் கீழே இறங்காதபடி செய்துகொள்வது நல்ல பழக்கம். வண்டியின் சட்டத்தில் புதிதாகத் துளைக்கவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம். அந்த மாடலுக்கென்று வரும் பிராக்கெட்டுகள் ஏற்கெனவே உள்ள துளைகளில் உட்காரும்.

பெட் தரை அலை அலையாக இருக்கும். ரெயில் மேட்டின்மேல் உட்கார்ந்து, போல்ட் பள்ளத்தின் வழியே இறங்கினால், இறுக்கும்போது தகடு நசுங்கும். அதற்காகவே பெட்டியில் லாட வடிவத் தகடுகள் வருகின்றன. ஒவ்வொரு போல்ட்டுக்கும் பள்ளத்தில் ஒன்று. மிச்சமாகிவிட்டன என்று தூக்கிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ரெயில் சில நூறு மைலில் தளரும். வைத்து எடுக்கும் பிளாஸ்டிக் லைனர் இருந்தாலும் இதே கதி. பிளாஸ்டிக் நாளடைவில் அமுங்கும், போல்ட் இழுவிசை இழக்கும். ரெயிலுக்கு அடியில் லைனரை வெட்டி எடுத்துவிட வேண்டும். ஸ்ப்ரே அடித்த லைனர் என்றால் கவலையில்லை.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் தாளில் சொன்ன அளவுக்கு முறுக்கி, முதல் நூறு மைல் இழுத்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

உயரம்

ட்ரெய்லரைச் சமமாக நிறுத்தி, பின் பாக்ஸ் அடித்தட்டின் உயரத்தை அளக்கிறோம்: 50½ அங்குலம். பெட் தரை காலியாக இருக்கும்போது 37. சுமை ஏறினால் 2½ அங்குலம் தாழும் என்று எடுத்தால் 34½. ஆக ஹிட்சின் தலை 16 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். காலி வண்டியில் அளந்து 13½-இல் பொருத்தினால், சுமை ஏறியதும் ட்ரெய்லர் மூக்கு குனிந்து ஓடும்.

இனி பக்கச்சுவருக்கும் ட்ரெய்லரின் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. குறைந்தது 6 அங்குலம் வேண்டும். கிங்பின்னிலிருந்து பெட்டின் பின் விளிம்பு 46 அங்குலம் தள்ளி இருக்கிறது. 6 அங்குல இடைவெளி என்றால் பிக்கப்பும் ட்ரெய்லரும் சுமார் 7½ பாகை மாறுபட்டதும், அதாவது 13 சதவீதச் சரிவு வேறுபாட்டில், தகடு தொட்டுவிடும். பிக்கப்பின் முன் சக்கரங்கள் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது வால் மேலே எழும்பும். அப்போதுதான் பின் விளிம்பு நெளிகிறது. இந்த வண்டியில் கிடைத்தது 7 அங்குலம். குறைவாக வந்திருந்தால் ஹிட்சை மட்டும் உயர்த்துவது தப்பான வைத்தியம்: மூக்கு தூக்கிக்கொண்டு, இரட்டை ஆக்சிலில் பின் ஜோடிக்குச் சுமை கூடி, அந்த டயர்கள் சூடேறும். அப்போது ட்ரெய்லரையே ஆக்சில் பக்கத்தில் உயர்த்த வேண்டும்.

பூட்டுவது

பிக்கப்பை ரிவர்ஸ் எடுத்து வரும்போது பின் பாக்ஸ் தட்டு ஹிட்சின் தட்டைவிட அரை அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். ஹிட்சின் சரிவான வாய் அதைத் தொட்டு, சிறிது தூக்கிக்கொண்டே உள்ளே வாங்கும். ட்ரெய்லர் உயரமாக நின்றால் கிங்பின் தாடைக்குள் போகாமல் தாடையின் மேல் உட்காரும். சத்தம் கேட்கும், லீவர் பாதி தூரம் நகரும், பார்ப்பவருக்குப் பூட்டியதாகவே தோன்றும். ட்ரெய்லரைத் தாங்கும் முன் கால்களைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட சில கஜத்தில் ட்ரெய்லரின் மூக்கு இரண்டு பக்கச்சுவர்களின் மேலும் விழுந்து நசுக்கும்.

அதனால் கை விளக்கோடு பக்கத்திலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. கிங்பின்னின் இடுப்பைத் தாடை முழுதாகச் சுற்றியிருக்க வேண்டும். லீவர் கடைசிவரை உள்ளே போய், அதன் பூட்டு ஊசி தடையில்லாமல் இறங்க வேண்டும். ஊசியைத் தட்டி இறக்க வேண்டியிருந்தால் பூட்டவில்லை என்று அர்த்தம். பிறகு ட்ரெய்லரின் முன் கால்கள் தரையைத் தொட்ட நிலையிலேயே, ட்ரெய்லர் பிரேக்கை அழுத்திப் பிடித்து, பிக்கப்பை மெல்ல முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். விட்டுப்போனால்கூட ட்ரெய்லர் கால்களில் நிற்கும், பெட் பிழைக்கும். ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கேபிளை ஹிட்சில் மாட்டக் கூடாது, வண்டியில் மாட்ட வேண்டும்; ஹிட்சே கழன்று போகும் நாளுக்காக வைத்த கேபிள் அது.

தராசில்

நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் இரண்டு முறை நிறுத்தினால் எல்லாம் தெரிந்துவிடும். ஹிட்ச், ஆட்கள், முழு டேங்கோடு பிக்கப் தனியாக: முன் 4,260, பின் 3,300, கூட்டினால் 7,560. ட்ரெய்லரோடு: முன் 4,280, பின் 5,440, ட்ரெய்லர் ஆக்சில்கள் 7,940. பிக்கப்பின் இரண்டு ஆக்சில்களும் 9,720. முன்னதைக் கழித்தால் கிங்பின் 2,160. வரம்பு 10,000, மிச்சம் 280. முன் ஆக்சில் 20 பவுண்டு ஏறியிருப்பதே கிங்பின் ஆக்சிலுக்கு முன்னால்தான் நிற்கிறது என்பதற்குச் சாட்சி. அந்த எண் குறைந்திருந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஸ்லைடர் முன்னிலையில் நிற்கிறதா என்பது. இரண்டாவது, நூல் கட்டிய கோடு.

கடைசியாக ஒரு காலி மைதானத்தில், வெளியே ஒருவரை நிறுத்திக்கொண்டு, நடை வேகத்தில் இடமும் வலமும் 90 பாகை வரை வளைத்துப் பார்த்தாக வேண்டும். கணக்கில் வந்த 4 அங்குலம் டேப்பிலும் வர வேண்டும். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 3 என்று வந்தால் ரெயில்கள் கோணலாக உட்கார்ந்திருக்கின்றன.